கொடிமரத்தைத் தாண்டி

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் குழந்தைக்குச் சளி, வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அடுப்படியில் எறும்பு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். இது வேறு தினுசு. கொஞ்சம் சுருக்கி, அவர் எழுதியபடியே தருகிறேன்.

"அக்கா, எங்க மருமக ஜெர்மனிக்காரி. என் மகனைப் பார்க்கிறதுக்கு முன்னாலேயே கறி மீனை விட்டு, சிவதீட்சை வாங்கி, பேரையும் மாத்திக்கிட்டவ. கல்யாணத்துக்காக மாறினவ இல்லை. தேவாரத்துல ரெண்டு மூணு பதிகம் பார்க்காமச் சொல்லுவா. எனக்கே அவ்வளவு தெரியாது. போன மாசம் வந்திருந்தப்ப கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனோம். கொடிமரத்தண்டை நிறுத்திட்டாங்க. 'ஃபாரினர்ஸ் இதுக்கு மேலே போகக்கூடாது'ன்னுட்டாங்க. அவ ஒண்ணும் பேசலை. அங்கேயே விழுந்து கும்பிட்டுட்டு ஓரமா உட்கார்ந்துக்கிட்டா. என் மகன் பத்து வருஷமாக் கோயில் பக்கம் தலைவச்சுப் படுக்காதவன். அவனை ஒருத்தரும் ஒண்ணும் கேட்கலை. விறுவிறுன்னு உள்ளே போயிட்டு வந்தான். எனக்கு வெட்கமாப் போச்சு. வீட்டுக்கு வந்தா எங்க ஆச்சி (என் மாமியார், எண்பத்துநாலு வயசு), 'கோயில்லயே விடலைல்லா, பொறவு என் பூசை அறைக்குள்ள எதுக்கு?'ங்காவ. அவ கையால தண்ணிகூட வாங்க மாட்டேங்காவ. அவ இந்துவா இல்லையா அக்கா? இதை யார்கிட்டே போய்க் கேட்கிறது?"

விழுந்து கும்பிட வேண்டிய இடமே கொடிமரத்தடிதான். உள்ளே போன பிறகு எந்தச் சந்நிதியிலும் விழக்கூடாது என்பதுதான் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த முறை. முறை தெரிந்தவள் வெளியே உட்கார்ந்திருந்தாள், தெரியாதவன் உள்ளே போனான். வாசகிக்கு வெட்கமாய் இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று கோயிலைப் பற்றியது, மற்றது ஆச்சியைப் பற்றியது. கோயில் கேள்விக்குப் பதில் சுலபம், ஆச்சிதான் கஷ்டம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் யார் யாரை இந்து என்று கொள்ளலாம் என்று சொல்லும்போது, இந்து மதத்துக்கு மாறி வந்தவரையும் சேர்த்தே சொல்கிறது. எந்த நாட்டிலிருந்து வந்தவர், என்ன நிறம் என்ற பேச்சே அதில் இல்லை. 1970ல் உச்ச நீதிமன்றத்தில் நம் பக்கத்து வழக்கு ஒன்று தீர்ப்பானது. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணை இந்து முறைப்படி கல்யாணம் செய்துகொண்ட ஒருவர், பிற்பாடு பிள்ளைக்குச் சொத்தில் பங்கு கொடுக்க வேண்டி வந்ததும், 'அவள் இந்துவாக மாறவே இல்லை, அதனால் கல்யாணமே செல்லாது' என்று வாதாடினார். தாலி கட்டிய மனுஷனே! நீதிபதிகள் ஒத்துக்கொள்ளவில்லை. இந்துவாக வேண்டும் என்ற உண்மையான எண்ணமும் அதற்கேற்ற நடத்தையும் இருந்தால் போதும், சுத்தி சடங்கு என்று ஒன்று தனியாக நடந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் நம் நாட்டுப் பெண்தான். ஆனால் எண்ணமும் நடத்தையும்தான் அளவு என்றால், அந்த அளவு ஜெர்மனிக்காரிக்கும் பொருந்தும்.

கோயில் விஷயத்திலும் ஒரு தீர்ப்பு உண்டு. பழனிக் கோயில் சம்பந்தமான வழக்கில் 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து அல்லாதவர்களுக்குக் கொடிமரத்துக்கு அப்பால் அனுமதி இல்லை என்று பலகை வைக்கச் சொன்னது. அதே தீர்ப்பில், இந்து அல்லாத ஒருவர் சுவாமி தரிசனம் செய்ய விரும்பினால், அந்தத் தெய்வத்தில் தனக்கு நம்பிக்கை உண்டு, கோயில் பழக்கவழக்கங்களை அனுசரித்து நடப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் அவரை விடலாம், அதைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்துவே அல்லாதவருக்கு இந்த வழி இருக்கும்போது, தீட்சை வாங்கியவளை ஏன் நிறுத்துகிறார்கள்?

காவலுக்கு நிற்கிற மனிதருக்குத் தீட்சை கண்ணுக்குத் தெரியாது, தோல்தான் தெரியும். பாலித் தீவில் பெரும்பாலோர் இந்துக்கள். பல நூற்றாண்டுகளாக, பிறப்பாலேயே. அங்கிருந்து ஒரு பெண் நம் ஊர்க் கோயிலுக்கு வந்தால் அவளையும் இதே மாதிரி மூஞ்சியைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். இங்கே பிறந்து, சாமியாவது பூதமாவது என்கிறவரை ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. 'இந்துவா?' என்று வாயால் கேட்கிறார்கள், 'இந்த ஊர்க்காரி மாதிரி இருக்கிறாளா?' என்று கண்ணால் பார்க்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கேள்வி.

இந்த ஊர்க்காரர்களையே வெளியே நிறுத்தியிருந்த காலமும் வெகு தூரத்தில் இல்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை வைத்தியநாதய்யர் அழைத்துக்கொண்டு போனது 1939 ஜூலையில். ஆச்சி வயசுக்காரர்கள் பிறப்பதற்குச் சற்று முன்னால், அவ்வளவுதான்.

பூரி ஜகந்நாதர் கோயிலில் கண்டிப்பு இன்னும் அதிகம். அங்கே வெளிநாட்டு பக்தர்களை, அவர்கள் எத்தனை வருஷம் கிருஷ்ண பஜனை பண்ணியிருந்தாலும், உள்ளே விடுவதில்லை. 1984ல் பிரதமர் இந்திரா காந்தியையே விடவில்லை, பார்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டவர் என்பதற்காக. ஆனால் அதே பூரியில் உள்ளே வர முடியாதவர்களுக்காகவென்றே சிங்க வாசலில் பதிதபாவனன் என்று ஒரு மூர்த்தி இருக்கிறார். தெருவில் நின்றபடியே பார்க்கலாம். வருஷத்துக்கு ஒரு முறை ஜகந்நாதரே தேரேறி வெளியே வந்துவிடுகிறார். வடத்தைப் பிடிக்கிறவன் கையை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கும் மனசில் ஏதோ உறுத்தல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

கோயில் போகட்டும். ஆச்சிக்கு வருவோம்.

கிறிஸ்தவராக ஞானஸ்நானம் இருக்கிறது. இஸ்லாத்தில் கலிமா இருக்கிறது. நமக்கு அப்படி எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாசற்படி கிடையாது. பிறந்த வீடு, புகுந்த வீடு, குலதெய்வம், கோத்திரம், சாதி என்று வீடு வழியாகத்தான் மனிதர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதனால் வெளியிலிருந்து ஒருத்தி வந்தால், புத்தகமும் சாமியாரும் சேர்த்துக்கொண்டாலும், ஒரு வீடு சேர்த்துக்கொள்கிற வரையில் பாதி வழியில் நிற்கிற மாதிரிதான்.

1928ல் இந்தோரில் நடந்ததைப் பாருங்கள். அதற்கு இரண்டு வருஷம் முந்திப் பட்டத்தைத் துறந்த மகாராஜா துக்கோஜிராவ் ஹோல்கர், அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பெண் நான்சி மில்லரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார். நாசிக்கில் சங்கராசாரியார் ஒருவர் அந்தப் பெண்ணை இந்துவாக்கி சர்மிஷ்டா தேவி என்று பெயரும் கொடுத்துவிட்டார். அதோடு தீர்ந்ததா? ஹோல்கர்கள் தங்கர் வகுப்பு. மணப்பெண் எந்த வகுப்பு? ஆகவே தங்கர் குடும்பம் ஒன்று அவளைத் தத்தெடுத்துக்கொண்ட பிறகுதான் கல்யாணம். மதம் கிடைத்தும் ஒரு அம்மா அப்பா தேவைப்பட்டார்கள். இப்போதும் வெளிநாட்டுப் பெண்ணை மணக்கிறபோது, சித்தி சித்தப்பா முறையில் யாராவது தத்தெடுத்துக் கோத்திரம் கொடுத்துத் தாரை வார்ப்பது நம் வீடுகளில் உண்டு. சாஸ்திரம் தெரிந்தவர்கள் அது சரியா என்று வாதம் பண்ணட்டும். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. அன்னியமான ஊரில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பிறந்த வீடு கிடைத்துவிடுகிறதே.

ஆனால் ஆச்சிக்குச் சொல்ல வேண்டிய கதை ராஜா வீட்டுக் கதை இல்லை. கல்கத்தாவில் பாக்பஜார் என்ற பேட்டையில், போஸ்பாடா சந்தில் நடந்தது.

மார்கரெட் நோபிள் அயர்லாந்தில் 1867ல் பிறந்தவர், லண்டனில் பள்ளிக்கூட ஆசிரியை. அங்கே விவேகானந்தரைச் சந்தித்து, 1898 ஜனவரியில் கல்கத்தா வந்து சேர்ந்தார். மார்ச் 25ஆம் தேதி சுவாமிஜி பிரம்மசரிய தீட்சை கொடுத்து நிவேதிதா என்று பெயர் வைத்தார். ஆனால் அதற்கு எட்டு நாள் முந்தி, மார்ச் 17 அன்று நடந்ததுதான் பெரிய விஷயம் என்பேன். அன்றைக்கு நிவேதிதாவும் இரண்டு அமெரிக்க மாதரும் சாரதா தேவியாரைப் பார்க்கப் போனார்கள். சாரதா தேவியார் கிராமத்துப் பிராமண விதவை. இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. வந்தவர்களுக்கு வங்காளி தெரியாது. அவர்களை 'என் பெண்கள்' என்று வரவேற்று, கூட உட்கார்ந்து சாப்பிட்டார்.

இதை இப்போது படிக்கிறபோது 'சாப்பிட்டார், அதனால் என்ன?' என்று இருக்கும். விவேகானந்தருக்கு அப்படி இல்லை. சென்னையில் மடத்தை நடத்திக்கொண்டிருந்த ராமகிருஷ்ணானந்தருக்குக் கடிதம் எழுதும்போது, அன்னை அவர்களோடு சாப்பிட்டார் என்பதைப் பெரிய சேதியாகச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். கடல் தாண்டிப் போய்வந்த தோஷத்துக்காக அவரையே ஊர் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். தாம் தீட்சை கொடுக்கலாம், பெயர் வைக்கலாம். ஆனால் ஒரு பெண்பிள்ளை இலை போட்டுப் பக்கத்தில் உட்காராத வரையில் அந்த வெள்ளைக்காரிகள் கல்கத்தாவில் விருந்தாளிகள்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் நவம்பரில் நிவேதிதா சாரதா தேவியார் வீட்டிலேயே சில நாள் தங்கினார். 'கூக்கி' என்று கூப்பிடுவார் அன்னை. வங்காளியில் குழந்தை என்று அர்த்தம். அது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று நிவேதிதாவுக்கு அப்போது தெரியவில்லை. ஒரு மிலேச்சப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டால், அன்னையை மட்டும் இல்லை, கிராமத்தில் இருக்கிற உறவுக்காரர்களையும் ஒதுக்கிவைத்துவிட முடியும். பிற்பாடு அது புரிந்து தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். சில நாளில் அதே சந்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார். அங்கே பெண் குழந்தைகளுக்கு அவர் ஆரம்பித்த பள்ளிக்கூடத்தைக் காளி பூஜை அன்று சாரதா தேவியாரே வந்து தொடங்கி வைத்தார். பெண்களை அனுப்பத்தான் ஆளில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டார். மறு வருஷம் கல்கத்தாவில் பிளேக் வந்தபோது துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சந்தைக் கூட்டினார். ஒரு குடிசையில், தாயைப் பறிகொடுத்த பிளேக் கண்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்ததை டாக்டர் ஆர். ஜி. கர் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் குழந்தை கடைசியில் இவரைத்தான் அம்மா என்று பற்றிக்கொண்டதாம்.

இப்போது கோபாலேர் மா. ஆச்சிக்கு இவரைத்தான் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அகோரமணி தேவி என்று பெயர். பால்ய விதவை. கங்கைக் கரையில் காமார்ஹாட்டியில் ஒரு கோயிலை ஒட்டிய அறையில் ஐம்பது அறுபது வருஷம் ஜபமே வாழ்க்கையாக இருந்தவர். ஆசாரம் என்றால் அப்படி ஒரு ஆசாரம். கண்ணனைக் குழந்தையாக உபாசித்ததால் 'கோபாலனின் அம்மா' என்று பெயர் வந்தது. 1898ல் நிவேதிதாவும் அமெரிக்கத் தோழிகளும் இவரைப் பார்க்க அங்கேயே போனார்கள். கிழவி அவர்கள் மோவாயைத் தொட்டு முத்தமிட்டு, பொரியும் தேங்காய் உருண்டையும் கொடுத்து உபசரித்தார்.

பிறகு அவருக்கு உடம்பு தள்ளாமல் போய், கவனிக்க ஆள் வேண்டும் என்று ஆனது. அப்போது அவர் எங்கே போய் இருந்தார் தெரியுமா? நிவேதிதா வீட்டில். அங்கேயே இரண்டு வருஷத்துக்கு மேல். நிவேதிதா பெற்ற தாயைப் போலப் பார்த்துக்கொண்டார். 1906 ஜூலையில் அந்திம காலத்தில் கங்கைக் கரைக்குக் கொண்டுபோகிறபோது பூவால் அலங்காரம் செய்து அனுப்பியவரும் அவரே. அந்த ஜபமாலை பிற்பாடு நிவேதிதாவிடம் இருந்தது.

நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். கோபாலேர் மாவின் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிராமண வீட்டில் ஏற்பாடு செய்திருந்தார்கள். 'நான் சமைத்ததைச் சாப்பிட்டால்தான் என்னை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்' என்று நிவேதிதா பிடிவாதம் பிடிக்கவில்லை. கிழவியும், 'இவள் சமைத்ததைத் தொடமாட்டேன், ஆகையால் இவள் கூரையின் கீழ் இருக்கமாட்டேன்' என்று சொல்லவில்லை. எழுபது வருஷத்துப் பழக்கம் அதன்பாட்டுக்கு இருந்தது, பாசம் அதன்பாட்டுக்கு இருந்தது. ஆச்சியும் தண்ணீர் வாங்காவிட்டால் போகிறது, விட்டுவிடுங்கள். எண்பத்துநாலு வயசில் கையில் டம்ளரைத் திணிப்பது நியாயம் இல்லை. ஆனால் பூசை அறை வாசலில் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, பாடத் தெரிந்த பதிகத்தைப் பாடச் சொல்லுங்கள். ஆச்சி காதைப் பொத்திக்கொள்ள மாட்டார்கள் என்று நான் எழுதித் தருகிறேன். ஒரு அடி தவறிப் பாடினால் திருத்துவார்கள். திருத்த ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நம் பாரதியார் நிவேதிதாவைக் குருவாகவே கொண்டு, 1908லும் 1909லும் வெளிவந்த தம் பாட்டுப் புத்தகங்களை அவருக்கு அர்ப்பணம் செய்தார். 'மனைவியை ஏன் அழைத்து வரவில்லை?' என்று அவர் கேட்ட கேள்விதான் பாரதியாரைப் பெண் விடுதலை பக்கம் திருப்பியது என்பார்கள். 1911ல் டார்ஜிலிங்கில் நிவேதிதா காலமானபோது இந்து முறைப்படிதான் தகனம் நடந்தது.

சரி, வெள்ளைக்காரர்கள் கதையாகவே சொல்லிக்கொண்டு போகிறேனே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்ற வேண்டும். வாசகியின் ஊருக்குப் பக்கத்தில்தான் பத்தமடை. பாயால் பேர் பெற்ற ஊர். அங்கே பிறந்த டாக்டர் குப்புசாமிதான் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனார். 1956ல் அவரிடம் சந்நியாசம் வாங்கிய சிவானந்த ராதா ஜெர்மனியில் பிறந்தவர். மருமகளுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் 1975ல் சுவாமி கிருஷ்ணானந்தரிடம் தீட்சை பெற்றுக்கொண்ட இன்னொருவர் ஆப்பிரிக்காவில் கானா தேசத்துக்காரர். கனானந்த சரஸ்வதி என்று பெயர். அக்ரா நகரத்தில் இந்து மடம் அமைத்து, 2016ல் மறைகிற வரை அங்கேயே இருந்தார். பூசை பண்ணுகிறவர்கள், பஜனை பாடுகிறவர்கள், பிள்ளைக்குப் பெயர் வைக்க வருகிறவர்கள் எல்லாம் அந்த ஊர்க் கறுப்பு ஜனங்கள்தான்.

உங்களையே கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரப் பெண் பட்டுப்புடவை கட்டிக் குங்குமம் வைத்துக்கொண்டால், 'பாருங்கடி, அவளே கட்டுறா, உங்களுக்கு என்ன கேடு?' என்று நம் பெண்களுக்குப் புத்தி சொல்கிறோம். போட்டோ எடுத்து நாலு பேருக்குக் காட்டுகிறோம். கானாவிலிருந்து ஒரு மருமகள் அதே பட்டும் குங்குமமுமாக வந்து இறங்கினால்? கல்யாண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' கேட்கிற வீடுகளில் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். கோயிலில் தோலைப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்று வருத்தப்படுகிற நாம், வீட்டில் தோலைப் பார்த்துத்தான் ஆரத்தித் தட்டைத் தூக்குகிறோம். காட்சிக்கு வைப்பதும் அந்தப் பெண்ணுக்கு உபத்திரவம்தான். வருகிறவர் போகிறவர் முன்னால் எல்லாம் 'ஒரு தேவாரம் சொல்லும்மா' என்று நிற்கவைத்தால், அது கொடிமரத்தில் நிறுத்தினதைவிட மோசம்.

இனி வேலைக்கு ஆகிற விஷயம். அமெரிக்காவில் பிறந்து, யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியிடம் 1949ல் தீட்சை பெற்றவர் சிவாய சுப்ரமுனிய சுவாமி. தீட்சை என்றால் முதுகில் ஓங்கி ஒரு அடி, அவ்வளவுதான் என்பார்கள். ஹவாயில் கௌவாய் தீவில் சைவ ஆதீனம் நிறுவினார். அங்கே 1973லிருந்து கடவுள் கோயில் என்ற பெயரில் கோயில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இந்துவாகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று 2000ஆம் வருஷம் ஒரு புத்தகமே போட்டார். மனுஷர் கறாரானவர். பழைய மதத்துப் பெரியவர்களிடம் நேரில் போய்ச் சொல்லி விடைபெற்று வர வேண்டும். பெயரைச் சட்டப்படி, பாஸ்போர்ட் உட்பட, மாற்ற வேண்டும். ஒரு கோயிலில் நாமகரணம் செய்து, அதற்குச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதிகப்படியாகத் தோன்றும். ஆனால் தோலைப் பார்க்கிற வாசலில் காகிதம் ஒன்றுதான் பேசும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது.

ஆகவே வாசகி அடுத்த முறை, தீட்சை கொடுத்தவர் எழுதிய கடிதம், பெயர் மாற்றப் பத்திரம், கல்யாணப் பதிவு நகல் இவற்றை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொள்ளட்டும். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, முதலில் கோயில் அலுவலகத்தில் போய் விஷயத்தைச் சொல்லட்டும். வாசலில் நிற்கிற காவலாளியோடு வாதம் வேண்டாம், அவர் பலகையில் இருப்பதைச் சொல்கிறவர். ஒரு கோயில் மாதிரி இன்னொன்று இருக்காது. மகனையும் விடக்கூடாது. மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்விட்டு வந்தானே, அதற்குச் சட்டம் ஒன்றும் தேவையில்லை, வீட்டிலேயே கேட்கலாம்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. உங்கள் சீமையில் பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போவீர்களே, அதற்கு மருமகளை வரச் சொல்லுங்கள். அங்கே பலகையும் கிடையாது, 'ஃபாரினர்ஸ்' என்கிறவரும் கிடையாது. யாரோடு வந்திருக்கிறாள் என்று மட்டும்தான் கேட்பார்கள். ஆச்சியோடு வந்திருக்கிறாள் என்று பதில் சொல்லும்படி, ஆச்சியின் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற வேலையை அவளிடமே கொடுங்கள். காட்டுப் பாதையில் எண்பத்துநாலு வயசுக்கு ஒரு கை வேண்டும், எந்தக் கை என்று அப்போது பார்க்கத் தோன்றாது. பங்குனி வெயில் அந்தப் பெண்ணுக்கு ஆகாது. ஒரு குடையும், நீர் மோரும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். மோரில் பச்சை மிளகாயைக் குறையுங்கள்.